இருபத்தொரு நாள் விரதம்

உலகத்தில் கோபம் கொண்டவர்களைச் சமாதானப்படுத்தும் வித்தை எல்லோருக்கும் கைவந்து விடுவதில்லை. ஆயினும் முயன்றால் ஓரளவு கற்றுக் கொள்ளலாம். கோபம் கொண்ட மேலதிகாரியை மௌனத்தினால் சமாளிக்கலாம். கோபம் கொண்ட குழந்தையை ஒரு துண்டு வெல்லத்தினால் வசப்படுத்தலாம். கோபம் கொண்ட சம்பந்தியைக் கூட ஊஞ்சலில் உட்கார வைத்து, இரண்டாம் முறையும் காபி கொடுத்து, ஒருவாறு குளிரச் செய்து விடலாம். ஆனால் அடையில் உட்கார்ந்த கோழியின் கோபம் இருக்கிறதே, அதற்கு இந்த உபாயம் ஒன்றும் பலிப்பதில்லை. சற்றே கையை நீட்டினால் போதும். இறகெல்லாம் சிலிர்த்து, ஒரு கோழி இரண்டு கோழியாகப் பருத்து விடுகிறது. தொண்டைக்குள்ளிருந்து ஓர் உறுமல் கிளம்புகிறது. அந்த உறுமலின் பொருள் விளங்குவதற்கு முன்பே புறங்கையில் சுருக்கென்று ஒரு கொத்து விழுந்து விடுகிறது.

கோழி என்றதும் முகத்தைச் சுளிக்கும் நேயர்கள் சிலர் இருப்பார்கள் என்பதை நாம் அறிவோம். நமது இல்லத்திலும் கோழி முட்டை சமையலறையின் நிலைப்படியைத் தாண்டியதில்லை. ஆகையால் இது சமையலைப் பற்றிய கட்டுரையன்று என்று அவர்களுக்கு அபயம் அளித்து விட்டு மேலே செல்லுகிறோம். ஒரு தாய் தவம் இருக்கிறாள். அவளுடைய ஆசனத்தைத் தூய்மையாக வைக்கும் பொறுப்பு மனிதர் கையில் இருக்கிறது. இவ்வளவுதான் விஷயம். இதில் சைவ அசைவ பேதம் ஏது?

இந்தப் பொறுப்பு நம்மிடம் வந்து சேர்ந்த வரலாறு சுருக்கமானது. நமது தெருக்கோடியில் ஒரு மூதாட்டி இருக்கிறாள். நாள்தோறும் காலையில் கீரைக் கூடையுடன் வருகிறவள். ஆகவே எங்கள் தெருவுக்கெல்லாம் அவள் கீரைப் பாட்டி. அவளுக்குச் சொத்து என்று சொல்லத் தக்கவை ஓர் ஓட்டுக் குடிசையும், கொல்லையில் கால் குழிக் கீரைப் பாத்தியும், கறுப்பில் செம்புள்ளி போட்ட ஒரு நாட்டுக் கோழியுமே. சென்ற ஆண்டு அந்தக் கோழி பொரித்த குஞ்சுகள் அத்தனையும் வெள்ளைக் கழிச்சலில் போய்விட்டன. இந்த ஆண்டுக் குஞ்சுகளை வளர்த்து விற்றுத்தான், பிறக்கப் போகும் பேரக் குழந்தைக்கு ஆண்டு நிறைவுக்குள் ஒரு வெள்ளி அரைஞாண் வாங்குவதென்று அவள் தீர்மானித்திருந்தாள்.

பேரக் குழந்தை பிறக்கப் போவது வெளியூரில். மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கி விட்டது. மருமகன் வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை. பாட்டி போய்த்தான் ஆகவேண்டும். கோழியோ அதே சமயம் பார்த்து அடைக்கு உட்கார்ந்து விட்டது.

"ஐயா, முட்டை பதினொண்ணு சேத்து வெச்சிருக்கேன். இந்தப் பருவத்தை வுட்டா அப்புறம் வெயிலு வந்திடும். இருபத்தோரு நாளு உங்க கொல்லைத் தாவாரத்திலே ஒரு மூலை குடுத்தீங்கன்னா போதும். அம்மா கையிலேதான் ஒப்படைச்சிட்டுப் போறேன்" என்று அவள் நமது இல்லத்தரசியைப் பார்த்துச் சொன்னாள். நம்மைப் பார்த்துக் கேட்டு விட்டு இல்லத்தரசியிடம் ஒப்படைத்ததன் உட்பொருளை நாம் ஆராய்ந்து கொண்டிருக்கவில்லை. அன்று மாசி மாதத்து ஐந்தாம் நாள்.

பாட்டி கோழியைப் பகலில் கொண்டு வரவில்லை. நன்றாக இருட்டிய பிறகே கொண்டு வந்தாள். அடைக் கோழியைப் பகலில் இடம் மாற்றினால் அது பழைய இடத்தைத் தேடிப் போய்விடும்; இருட்டில் மாற்றினால், விடிந்து கண் திறக்கும்போது தான் இருக்கும் இடமே தன் இடம் என்று ஒப்புக் கொண்டு விடும். முட்டைகளையும் அவள் ஒன்றன்பின் ஒன்றாக வைக்கவில்லை. ஒரு வார காலமாகக் குளிர்ந்த மணற்சட்டியில் சேர்த்து வைத்திருந்தவற்றை ஒரே சமயத்தில் வைத்தாள். சூடு படாதவரையில் முட்டைக்குள் இருக்கும் உயிர் உறக்கத்தில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் சூடு ஏறினால்தான் எல்லாக் குஞ்சுகளும் ஒரே நாளில் வெளிவரும். இல்லாவிட்டால் முதலில் பொரித்த இரண்டை அழைத்துக் கொண்டு தாய் புறப்பட்டு விடும்; மற்றவை பாதியில் கிடந்து மடியும்.

அவள் கூடு அமைத்த விதம் பார்க்கத் தக்கதாக இருந்தது. அகன்ற மூங்கிற் கூடையின் அடியில் நான்கு விரற்கடை உயரம் சலித்த ஆற்று மணல். அதன் நடுவில் ஆழமில்லாத ஒரு குழிவு. அதன்மேல் கையினால் கசக்கி மென்மையாக்கிய வைக்கோல். வைக்கோலுக்கு நடுவே வேப்பிலையும் நொச்சித் தழையும். மணல் முட்டைகளை ஓரிடத்தில் ஒன்றுகூட்டி வைக்கும். சூட்டைப் பிடித்துக் கொள்ளும். சிறிதளவு ஈரத்தையும் காக்கும். குழிவு மிகவும் ஆழமாயிருந்தால் முட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உடையும். குழிவே இல்லாவிட்டால் ஓரத்து முட்டை உருண்டு குளிர்ந்து போகும். கடைசியாக ஒரு கரித்துண்டையும் ஓர் இரும்பு ஆணியையும் ஓரத்தில் செருகினாள். இடி இடித்தால் முட்டை கெடாமல் இருப்பதற்காம். ஆணி இடியைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. கரி மட்டும் ஈரத்தையும் நாற்றத்தையும் சிறிது உறிஞ்சும். ஆனால் மறுநாள் அதிகாலைப் பஸ்ஸுக்குப் போகவேண்டிய பாட்டியிடம் இதைப் பற்றித் தர்க்கம் செய்வது நியாயமாகாது அல்லவா?

கோழி எதற்காக இப்படி உட்காருகிறது? மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பி புரோலாக்டின் என்ற ஒரு நீரைச் சுரக்கிறது. அது இரத்தத்தில் மிகும்போது கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டு அடைக்கு உட்காருகிறது. 1935-ஆம் ஆண்டில் ஆஸ்கார் ரிடில் என்னும் அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய துணைவர்களும் இந்தச் சுரப்பு நீரைக் கோழிகளுக்குச் செலுத்தி, அவற்றை அடைக்கு உட்காரச் செய்து காட்டினார்கள். மானிடத் தாய்மார்களுக்குப் பால் சுரக்கச் செய்வதும் இதே புரோலாக்டின்தான். நமது கொல்லைத் தாழ்வாரத்தில் ஒரு கோழியையும், வெளியூரில் பாட்டியின் மகளையும் ஏக காலத்தில் தாய்மைக்குத் தயார் செய்து கொண்டிருந்தது ஒரே நீர் என்பதை எண்ணியபோது நமக்கு வியப்பாகவே இருந்தது.

உட்கார்ந்த பிறகு கோழிக்கு உலக நினைவு இல்லை. வயிற்றடியில் இறகு உதிர்ந்து, தோலில் இரத்த ஓட்டம் மிகுந்து, அந்தச் சூடு நேராக முட்டையில் படுகிறது. ஏறக்குறைய 100 டிகிரி பாரன்ஹீட் உஷ்ணம், இரவும் பகலும், 21 நாள். அலகினாலும் காலினாலும் நாளொன்றுக்குப் பலமுறை முட்டைகளைப் புரட்டி, ஓரத்தில் உள்ளதை நடுவுக்கும் நடுவில் உள்ளதை ஓரத்துக்கும் மாற்றுகிறது. புரட்டாவிட்டால் உள்ளே வளரும் கரு தோட்டின் உட்புறத்துச் சவ்வில் ஒட்டிக் கொண்டு விடும். இதைக் கோழிக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எந்தப் பள்ளிக்கூடத்திலும் அது படிக்கவில்லை.

நாளொன்றுக்கு ஒரு முறை, கால் மணி நேரம், கோழி கூட்டை விட்டு இறங்கும். அந்தக் கால் மணி நேரம்தான் வளர்ப்பவர்களுக்குக் கிடைக்கும் சந்தர்ப்பம். கம்பும் நொய்யும் தண்ணீரும் எட்டிய தூரத்தில் தயாராக இருக்க வேண்டும். கூழ், சாதம் போன்ற குழைந்த ஆகாரத்தை விடத் தானியமே நல்லது. எச்சம் இறுகி இருக்கும். அடைக் கோழியின் எச்சத்தைப் பற்றி நாகரிகமாகச் சொல்வது எப்படி என்று தெரியவில்லை. ஒரு நாள் முழுவதும் அடக்கி வைத்திருந்து ஒரே தடவையாகக் கழிக்கிறபடியால் அதன் அளவும் மணமும் அபாரமானவை என்று மட்டும் சொல்லி நிறுத்திக் கொள்கிறோம். அது கூட்டுக்கு வெளியில் விழுவதுதான் முக்கியம். சில கோழிகள் அதீதமான பக்தியினால் இறங்கவே மாட்டா. அவற்றை இரண்டு கைகளாலும் மெள்ளத் தூக்கி இறக்கிவிட வேண்டும். தூக்குவதற்கு முன்னால் இறக்கைக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்துக் கொள்வது அவசியம். அங்கே ஒரு முட்டை இடுக்கியிருந்தால், தூக்கும்போது அது விழுந்து மற்ற முட்டைகளையும் உடைத்து விடும்.

கோழி இறங்கியிருக்கும்போது கூட்டைப் பார்வையிடுவது நமது கடமை என்று இல்லத்தரசி விதித்து விட்டாள். ஈரமான வைக்கோலை எடுத்து விட்டு உலர்ந்த வைக்கோலைச் சொருகுவது, உதிர்ந்த இறகைப் பொறுக்குவது, வாடிய வேப்பிலையை மாற்றுவது, இவையெல்லாம் ஐந்து நிமிஷ வேலை. கொல்லையில் ஒரு பழைய தட்டுக் கூடையில் உலர்ந்த மண்ணும் அடுப்புச் சாம்பலும் கலந்து வைத்திருந்தோம். கோழி இரை தின்றதும் நேரே அதில் போய்ப் புரண்டு, இறகுக்குள்ளெல்லாம் புழுதியைத் தூற்றிக் கொள்ளும். மனிதர்களுக்கு நீராடல் எப்படியோ அப்படியே கோழிக்கு இந்தப் புழுதிக் குளியல். பேன் குறைவதற்கு அதுவே வழி.

அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. "அடைக் கோழியைத் தொட்டால் அடை கெட்டுப் போகும் சார். எங்கள் பாட்டி காலத்தில் உட்கார வைத்தால் 21-ஆம் நாள்தான் எட்டிப் பார்ப்பார்கள்" என்றார். காட்டுக் கோழி யாருடைய உதவியும் இல்லாமல் புதருக்குள் குஞ்சு பொரிக்கவில்லையா என்றும் கேட்டார். கேள்வி நியாயமானதே. ஆனால் காட்டுக் கோழி ஒவ்வொரு முறையும் புதிய இடத்தில் சருகு கூட்டி அடை காக்கிறது. பொரித்த அன்றோ மறுநாளோ குஞ்சுகளுடன் அந்த இடத்தை விட்டுப் போய்விடுகிறது. நாமோ அதே கூடையில், அதே மூலையில், ஆண்டுதோறும் உட்கார வைக்கிறோம். மூலை பழகினால் மனிதர்களுக்குச் சௌகரியம். பூச்சிகளுக்கு அதைவிடச் சௌகரியம்.

முட்டை அழுக்காக இருந்தால் கழுவலாமா என்று நமது குமாரி கேட்டாள். கூடாது. முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. உள்ளேயிருக்கும் உயிர் அவற்றின் வழியேதான் மூச்சு விடுகிறது. 21 நாளில் முட்டையின் எடையில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு ஈரமும் அவ்வழியே வெளியேறுகிறது. ஓட்டின்மேல் மெல்லிய பூச்சு ஒன்று இயற்கையாகவே அமைந்து கிருமிகளைத் தடுக்கிறது. குளிர்ந்த நீரில் கழுவினால் அந்தப் பூச்சு போய்விடும். உள்ளிருப்பது சுருங்கி, வெளியிலுள்ள அழுக்கைத் துளைகளின் வழியே உள்ளே இழுத்தும் கொள்ளும். எனவே எச்சம் பட்டு உலர்ந்திருந்தால் விரலால் சுரண்டி எடுத்தால் போதும். உடைந்த முட்டையின் கரு மற்றவற்றின்மேல் ஒட்டியிருந்தால் மட்டும், வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியினால் ஒற்றியெடுத்து, கரு பட்ட வைக்கோலை முழுவதும் மாற்றிவிட வேண்டும்.

ஏழாம் நாள் இரவு, மின்சாரக் கைவிளக்கின் வெளிச்சத்தில் முட்டைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தோம். உயிருள்ள முட்டைக்குள் ஒரு கரும்புள்ளியும், அதிலிருந்து சிலந்தியின் கால்களைப் போல் நாலா பக்கமும் ஓடும் சிவந்த இழைகளும் தெரிந்தன. கருவின் இருதயம் இரண்டாம் நாளே துடிக்கத் தொடங்கி விடுகிறதென்று குமாரியிடம் சொன்னபோது அவள் விளக்கை அணைத்து விட்டு, "கண் கூசும், போதும்" என்றாள். 11 முட்டைகளில் 2 தெளிவாக, ஒன்றுமில்லாமல் இருந்தன. அவை கூமுட்டைகள். கூட்டிலேயே விட்டால் அழுகி, வாயு நிறைந்து, ஒருநாள் வெடித்து, நல்ல முட்டைகளையும் நாசம் செய்துவிடும். ஆகவே அவற்றை எடுத்து விட்டோம். மீதி 9.

இவ்வளவும் ஒழுங்காக நடந்து கொண்டிருக்கையில் பத்தாம் நாள் இரவு வந்தது. மணி பதினொன்று இருக்கும். தாழ்வாரத்தில் கோழியின் குரல் கேட்டது. அது உறுமல் அன்று. ஏதோ முறையிடுவது போன்ற தீனமான குரல். விளக்கை எடுத்துக் கொண்டு போய்ப் பார்த்தோம். கோழி கூடைக்கு வெளியே நின்று கொண்டிருந்தது. பத்து நாளாகப் பகலில் கூடக் கால் மணிக்குமேல் வெளியில் தங்காத கோழி, நடு இரவில், முட்டைகளை விட்டு விட்டு, கால் மாற்றிக் கால் மாற்றி நின்று கொண்டிருந்தது. தூக்கி உள்ளே வைத்தோம். மறுகணமே இறங்கி விட்டது. முட்டையைத் தொட்டுப் பார்த்தபோது சூடு குறையத் தொடங்கியிருந்தது.

இல்லத்தரசி ஒரு வெள்ளைத் துணியைத் தரையில் விரித்து, கூடையின் விளிம்பை அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டினாள். கசகசா அளவில் சிவப்பும் சாம்பலுமாகப் புள்ளிகள் விழுந்தன. விழுந்த புள்ளிகள் ஓட ஆரம்பித்தன.

செவ்வுண்ணி என்று இவற்றைச் சொல்லலாம். பேனைப் போல் இவை கோழியின் உடம்பிலேயே குடியிருப்பதில்லை. பகல் முழுவதும் கூடையின் பின்னலிலும் சுவரின் வெடிப்பிலும் ஒளிந்திருந்து, இருட்டிய பிறகு வந்து இரத்தம் குடித்து விட்டுப் போகும். பகலில் எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் கோழியின்மேல் ஒன்றும் தெரியாது. வெப்பமான காலத்தில் ஒரு வாரம் பத்து நாளில் இவற்றின் ஒரு தலைமுறை முடிந்து அடுத்த தலைமுறை வந்து விடும். குஞ்சு ஒன்று பிறக்க 21 நாள் என்றால், அதற்குள் இவற்றில் கொள்ளுப் பேரன்களும் தோன்றி விடுவார்கள். இரத்தமே கிடைக்காவிட்டாலும் பல மாதங்கள் வெறும் வயிற்றோடு காத்திருக்கக் கூடியவை. சென்ற ஆண்டிலிருந்து அந்தப் பழைய கூடையின் பின்னலுக்குள் அவை காத்திருந்திருக்க வேண்டும். கூட்டைத் துறந்து நின்ற கோழியை நாம் குறை சொல்ல முடியுமா? அது குஞ்சுகளின் மேல் உள்ள அன்பை இழக்கவில்லை. அதன் இரத்தத்தைத்தான் இழந்து கொண்டிருந்தது.

கூடையை என்ன செய்வது? அது பாட்டியின் காலஞ்சென்ற கணவன் தன் கையால் முடைந்தது என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கீரை விற்ற கூடைகள் எத்தனையோ தேய்ந்து போயின. இதை மட்டும் அவள் கீரைக்கு எடுத்ததில்லை. வெந்நீர் ஊற்றி வெயிலில் வைத்தால் பிழைக்குமா என்று இல்லத்தரசி யோசித்தாள். அந்த நேரத்தில், பிரசவ வீட்டில் இருப்பவளைத் தொலைபேசியில் எழுப்புவதா என்று நாம் தயங்கினோம். "அவளுடைய கோழி, அவளுடைய கூடை. அவளுக்குத் தெரியாமல் ஒன்றும் செய்யக் கூடாது" என்று இல்லத்தரசி சொல்லிவிட்டாள்.

பாட்டி விழித்துக் கொண்டுதான் இருந்தாள். மகளுக்கு அன்று மாலையிலிருந்து வலி கண்டிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் ஒரு நொடிகூட அவள் தாமதிக்கவில்லை.

"கூடையைக் கொளுத்திடுங்க அம்மா. வெந்நி ஊத்திக்கிட்டு நிக்காதீங்க. கூடை போனா வேறே முடையலாம். உசிரு போனா முடைய முடியுமா?"

இதற்குமேல் யோசிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. குமாரி முட்டைகளைக் கம்பளித் துணியில் பொதிந்து கொண்டாள். நாம் வேறொரு மூலையில், புதிய பிரம்புத் தட்டில் மணலும் உலர்ந்த வைக்கோலும் பரப்பினோம். இல்லத்தரசி ஆறிய சாம்பலில் வசம்புத் தூளைக் கலந்து, கோழியின் இறக்கைக்கு அடியிலும் வால் புறத்திலும் இறகைப் பிரித்துப் பிரித்துத் தேய்த்தாள். கொல்லையில் பழைய கூடையும் வைக்கோலும் எரிந்தன. கோழி புதிய கூட்டைப் பார்த்துக் கொண்டு வெகுநேரம் நின்றது. ஒரு காலை உள்ளே வைத்தது, எடுத்தது. அரை மணிக்குப் பிறகு உள்ளே சென்று, முட்டைகளை அலகினால் நெஞ்சுக்குக் கீழே இழுத்துக் கொண்டு, மெள்ள அமர்ந்தது. விளக்கைத் தணித்து விட்டு வெளியே வந்தோம். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் விடியற்காலை தொலைபேசி மணி அடித்தது. "கோழி உட்காந்துச்சா?" என்பதுதான் பாட்டியின் முதற் கேள்வி. உட்கார்ந்தது என்றோம். "பொண்ணு பொறந்திருக்கு; ரெண்டு உசிரும் நல்லாயிருக்கு" என்றாள்.

அன்றே பழைய மூலையின் சுவரைச் சுரண்டி, வெடிப்புகளை அடைத்து, இரண்டு பூச்சுச் சுண்ணாம்பு அடித்தோம். கால்நடை மருத்துவரைக் கேட்டு அவர் கொடுத்த மருந்தைச் சுவர்ப்புறத்தில் மட்டும் போட்டோம். பூச்சி மருந்தை முட்டையின் மேலோ, முட்டை கிடக்கும் வைக்கோலின் மேலோ படவிடலாகாது; நுண்துளைகளின் வழியே உள்ளே சென்று கருவைக் கொன்று விடக் கூடும். மூன்று நாளைக்கு ஒரு முறை வைக்கோலை முழுவதும் மாற்றினோம். ஒவ்வோர் இரவும் வெள்ளைத் துணிச் சோதனை நடந்தது. பதினான்காம் நாள் விளக்கில் பார்த்தபோது ஒரு முட்டையில் இழைகள் மறைந்து, ஓர் இரத்த வளையம் மட்டும் இருந்தது. அதை எடுத்து விட்டோம். மீதி 8.

பதினெட்டாம் நாள் முதல் முட்டைகளைத் தொடுவதை அடியோடு நிறுத்தி விட்டோம். குஞ்சு அப்போது வெளியே வரும் நிலைக்குத் தலையைத் திருப்பிக் கொண்டிருக்கும். இருபதாம் நாள் பிற்பகல் கோழியின் அடியிலிருந்து மெல்லிய 'கீச்' என்ற ஒலி வந்தது. முட்டையின் அகன்ற முனையில் உள்ள காற்றறையைத் துளைத்து, அங்குள்ள காற்றை முதல் மூச்சாக இழுத்துக் கொண்டு, ஓட்டுக்குள் இருந்தபடியே குஞ்சு குரல் கொடுக்கிறது. தாய் அதற்குத் தாழ்ந்த குரலில் பதில் சொல்லுகிறது. இந்தச் சம்பாஷணையைக் கேட்பதற்கு அண்டை வீட்டுப் பெரியவரும் வந்து உட்கார்ந்து விட்டார்.

அலகின் நுனியில் உள்ள சிறு கூரிய முள்ளினால் குஞ்சு ஓட்டை உடைக்கிறது. முதற் கீறலுக்கும் முழு விடுதலைக்கும் இடையே அரை நாள், சில சமயம் ஒரு நாளும் ஆகும். அதற்குள் பொறுமை இழந்து ஓட்டைப் பிய்த்து உதவி செய்யலாகாது. இரத்த நாளங்கள் வற்றுவதற்குள் பிய்த்தால் குஞ்சு இரத்தம் சிந்தி இறக்கும். 21-ஆம் நாள் மாலைக்குள் 7 குஞ்சுகள் வெளிவந்தன. எட்டாவது முட்டை திறக்கவே இல்லை. வெறும் ஓடுகளை மட்டும் உடனுக்குடன் அகற்றினோம். அவை மற்ற முட்டைகளின்மேல் தொப்பியைப் போல் கவிந்து வழியை அடைத்து விடுவதுண்டு. மஞ்சட் கருவின் மிச்சத்தை வயிற்றுக்குள் இழுத்துக் கொண்டே பிறக்கிறபடியால், குஞ்சுகளுக்கு இரண்டு நாள் வரையில் ஆகாரக் கவலை இல்லை. பிறகு நொய்யும், மூழ்கிவிடாதபடி கூழாங்கல் போட்ட தட்டில் தண்ணீரும் வைத்தோம். கூட்டு வைக்கோலை அப்படியே கொளுத்தினோம். ஏழாம் நாள் வெள்ளைக் கழிச்சலுக்குக் கண்ணில் ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து. சென்ற ஆண்டுக் குஞ்சுகளுக்கு இந்த ஒரு சொட்டுக் கிடைக்கவில்லை.

இந்தக் காலத்தில் இவ்வளவு சிரமம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். எகிப்து நாட்டார் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செயற்கை வெப்பத்தில் குஞ்சு பொரிக்கக் கற்றிருந்தார்கள். பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் 1749-ஆம் ஆண்டில் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். இன்று பொறிப்பகங்களில் இயந்திரப் பெட்டிகள் ஆயிரக்கணக்கான முட்டைகளை ஒரே உஷ்ணத்தில் வைத்து, தாமே புரட்டியும் கொடுக்கின்றன. நாமக்கல் பண்ணைகளுக்கு ஏற்ற வெள்ளை லெகார்ன் இனத்தில், முட்டை குறையக் கூடாது என்பதற்காக, அடை உட்காரும் குணத்தையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து தேர்ந்து அகற்றி விட்டார்கள். அவை ஆண்டுக்கு முந்நூறு முட்டை இடுகின்றன. தாயாவது எப்படி என்பதை மட்டும் மறந்து விட்டன. பெருகி வரும் ஜனங்களுக்கு அவை வேண்டியவையே. ஆனால் கீரைப் பாட்டிக்கு இயந்திரப் பெட்டி கட்டுப்படியாகாது. அவளுடைய இயந்திரம் ஒரு பிடி கம்பில் ஓடுகிறது, மின்சாரம் நின்றாலும் நிற்பதில்லை. அது கேட்பதெல்லாம் ஒரு சுத்தமான இடம். அந்த ஒன்றை மட்டும் அதனால் தானே செய்து கொள்ள முடியாது. ஆண்டுதோறும் அதே மூலையில் அதை உட்கார வைக்கும் நாம்தான் செய்து கொடுக்க வேண்டும்.

நாற்பதாம் நாள் பாட்டி திரும்பி வந்தாள். குஞ்சுகளை எண்ணவில்லை. கோழியை எடுத்து மார்பெலும்பைத் தடவிப் பார்த்து, "எளச்சுப் போயிட்டியே, என் கண்ணு" என்றாள். பிறகு மடியிலிருந்து பேத்தியின் புகைப்படத்தை எடுத்துக் காட்டினாள். பஞ்சாரத்தோடு அனைவரையும் தன் குடிசைக்கு அழைத்துச் சென்றாள். கூடையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. மறு வாரம் அவள் வாசலில் பச்சை மூங்கில் பிளாச்சுகள் சாய்த்து வைத்திருந்ததை நாம் கண்டோம்.

குஞ்சுகளுக்கு இரண்டு மாதம் ஆனதும் தாய்க் கோழி அவற்றைக் கொத்தி விரட்ட ஆரம்பித்து விட்டதாகச் செய்தி. அதுவே கோழிகளின் தர்மம். புரோலாக்டின் வற்றி விட்டது. அடுத்த முட்டைக்கு நாள் வந்து விட்டது. யார் பெற்ற பிள்ளைகளோ என்பது போல் கோழி தன் வழியே போய்விடும். இந்தச் செய்தியைச் சொன்ன குமாரி, கீரை வாங்கப் போன இடத்தில் கதவு பூட்டியிருந்ததென்றும் சொன்னாள். பேத்திக்கு ஜலதோஷமாம். பாட்டி முதல் பஸ்ஸிலேயே புறப்பட்டுப் போய்விட்டாளாம்.